காசும் கம்பிச்சுருளும்

அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் இலையுதிர் காலம் முடிவதற்குள் சோள அறுவடை முடிந்துவிடும். தட்டை வெட்டிய வயல்கள் அடுத்த உழவு வரை சும்மா கிடக்கும். நிலத்துக்காரரிடம் முன்பே பேசி அனுமதி வாங்கி வைத்திருக்கும் நண்பர் குழாம்கள் சனி, ஞாயிறுகளில் அங்கே இறங்குவதுண்டு. மூன்று பேர் அல்லது நான்கு பேர். ஆளுக்கொரு மெட்டல் டிடெக்டர், காதில் ஹெட்போன், இடுப்பில் ஒரு பை, விளிம்பில் பல் வெட்டிய குட்டை மண்வெட்டி. வயலைப் பங்கு போட்டுக்கொண்டு மெல்ல நடக்கிறார்கள். அமெரிக்கா என்று ஒரு நாடு உருவாவதற்கு முன் அங்கே வாழ்ந்த பிரிட்டிஷ் குடியேறிகள் தவறவிட்ட பொருள்கள்தான் அவர்கள் தேடுவது: காசு, பொத்தான், காலணிக் கொக்கி, துப்பாக்கிக் குண்டு.

ஒருவர் நிற்கிறார். ஹெட்போனில் உச்ச சுருதியில் ஓர் ஒலி. பக்கவாட்டில் திரும்பி நின்று சுருளை மறுபடி வீசிப் பார்க்கிறார். அப்போதும் அதே ஒலி, திரையில் ஏறக்குறைய அதே எண். ஒரு சாண் ஆழத்துக்கு மண்ணை எடுத்துப் பக்கத்தில் போடுகிறார். கையடக்கமான பின்பாயின்டரைக் குழிக்குள் நீட்டியதும் அது அதிர்கிறது. விரல்களால் மண்ணை விலக்கினால் பச்சைக் களிம்பு ஏறிய ஒரு வட்டத் தகடு. மற்றவர்கள் வேலையை விட்டுவிட்டு ஓடி வருகிறார்கள். திருப்பிப் பார்த்தால் பின்புறத்தில் ஒரு சின்னக் கம்பிக் காது. காசல்ல, பொத்தான். பதினெட்டாம் நூற்றாண்டு ஆண்களின் மேல்கோட்டில் முன்புறம், கைமடிப்பு, பையோரம் என்று எங்கு பார்த்தாலும் பொத்தான்கள் இருந்தன. நூல் இற்று அவை வயலில் விழுந்துகொண்டே இருந்தன. அதனால்தான் இந்த வயல்களில் ஒரு காசு கிடைப்பதற்குள் பல பொத்தான்கள் கிடைத்துவிடுகின்றன.

உள்ளே உலோகம் இருக்கிறது என்று கருவி சரியாகச் சொன்னது. அது செம்புக் கலவை என்பதையும் ஏறக்குறைய சரியாகச் சொன்னது. பொத்தானா காசா என்று அதனால் சொல்ல முடியவில்லை. எந்தக் காலத்தது, யாருடையது, எப்படி அங்கே வந்தது என்பதெல்லாம் அதன் எல்லைக்கு அப்பாற்பட்டவை. கருவி அளப்பது ஒரே ஒரு விஷயத்தைத்தான். மீதியை மண்ணிடமும் இடத்திடமும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். அந்த ஒரு விஷயம் என்ன என்பதிலிருந்து தொடங்குவோம்.

மின்னோட்டம் அடங்க எடுக்கும் நேரம்

மாறும் காந்தப்புலம் ஒரு கடத்தியில் மின்னோட்டத்தை உண்டாக்கும் என்று மைக்கேல் ஃபாரடே 1831-இல் கண்டறிந்தார். பள்ளியில் எல்லோரும் படித்த மின்காந்தத் தூண்டல்தான். டிடெக்டரின் அடியில் இருக்கும் வட்டத் தட்டுக்குள் இரண்டு கம்பிச்சுருள்கள் உள்ளன. ஒன்று புலத்தை அனுப்பும் சுருள். இதில் பாயும் மின்னோட்டம் நொடிக்குச் சில ஆயிரம் முதல் சில பத்தாயிரம் முறை திசை மாறுகிறது. அதனால் எழும் காந்தப்புலமும் அதே வேகத்தில் மாறிக்கொண்டே மண்ணுக்குள் இறங்குகிறது. மற்றொன்று திரும்பி வருவதைக் கேட்கும் சுருள். முதல் சுருளின் புலம் இதைப் பாதிக்காதபடி இரண்டையும் ஒன்றின் மேல் ஒன்று சற்றே விலக்கிப் பொருத்தியிருப்பார்கள். அடியில் உலோகம் இல்லாதவரை இரண்டாவது சுருளில் ஏறக்குறைய எதுவும் கேட்காது.

புலம் ஒரு காசைத் தொட்டால், காசின் உடலுக்குள்ளேயே வட்ட வட்டமாக மின்னோட்டம் சுற்றத் தொடங்கும். இதுதான் சுழல் மின்னோட்டம். சுற்றும் மின்னோட்டம் தனக்கென்று ஒரு சிறு காந்தப்புலத்தை உண்டாக்கும். இரண்டாவது சுருள் கேட்பது அந்தச் சிறு புலத்தைத்தான்.

அடையாளம் காணும் வித்தை அந்தப் புலம் எவ்வளவு தாமதமாகத் திரும்பி வருகிறது என்பதில் இருக்கிறது. கோயில் மணியைத் தட்டினால் நாதம் நெடுநேரம் நிற்கும். மண்பானையைத் தட்டினால் ஓசை உடனே அடங்கிவிடும். உலோகங்களும் இப்படித்தான். நன்றாக மின்சாரம் கடத்தும் உலோகத்தில் சுழல் மின்னோட்டம் சட்டென்று அடங்காது. திரும்பி வரும் அலை அதிகம் பின்தங்கும். மோசமாகக் கடத்தும் உலோகத்தில் மின்னோட்டம் விரைவில் வெப்பமாகிக் கரைந்துவிடும். அலை கொஞ்சம்தான் பின்தங்கும். மைக்ரோ நொடிகளில் அமையும் இந்தத் தாமதத்தைக் கருவி அளந்து, அதை ஓர் எண்ணாகவும் ஒரு சுருதியாகவும் மாற்றித் தருகிறது.

செம்பின் மின்கடத்துத்திறனை 100 என்று வைத்துக்கொண்டால், வெள்ளிக்குச் சுமார் 105, தங்கத்துக்கு 70, அலுமினியத்துக்கு 60-க்குச் சற்று மேல், பித்தளைக்கு 30-க்குக் கீழ், ஈயத்துக்கு வெறும் 8. வெள்ளிக் காசு உச்ச சுருதியில் ஒலிப்பதும் ஈயக் குண்டு நடுச்சுருதியில் முனகுவதும் இதனால்தான்.

ஆனால் தாமதத்தைத் தீர்மானிப்பது உலோகத்தின் வகை மட்டுமல்ல. அதன் அகலமும் தடிமனும் சேர்ந்துதான். பெரிய காசில் மின்னோட்டம் சுற்றப் பெரிய பாதை இருக்கிறது. சிறிய, மெல்லிய காசில் இல்லை. ஆகவே ஒரு பொடி வெள்ளிக் காசும், கசங்கிய அலுமினியத் தாளும், ஒரு தங்க மோதிரமும் திரையில் ஒரே எண்ணைக் காட்டக்கூடும். சோடா டப்பாவைத் திறக்கும் அலுமினிய வளையத்துக்கு அமெரிக்காவில் எர்மல் ஃபிரேஸ் 1963-இல் காப்புரிமை பெற்றார். அன்றிலிருந்து பூங்காக்களிலும் கடற்கரைகளிலும் தங்கம் தேடுவோரின் பொறுமையைச் சோதிப்பது அந்த வளையம்தான். குடியேற்றக் காலத்து வயல்களில் இந்தத் தொல்லை சற்றுக் குறைவு. அலுமினியம் தொழில்முறையில் மலிவானதே பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில்தான் என்பதால், தோண்டி எடுத்தது அலுமினியம் என்றால் அது பழையது இல்லை என்று அங்கேயே முடிவு கட்டிவிடலாம்.

இரும்பு வேறு கதை. அது மின்சாரத்தைக் கடத்துவதோடு, காந்தமாகவும் மாறுகிறது. காந்தமாக மாறும் பகுதி ஏறக்குறையத் தாமதமே இல்லாமல் புலத்தைப் பின்பற்றும். எனவே இரும்புக்குத் தனிக் கையெழுத்து உண்டு. பெரும்பாலான கருவிகள் அதை அடிச்சுருதியில் உறுமலாகத் தரும். பலர் அந்த ஒலியை முழுதாக அணைத்துவிடுவார்கள். பழைய வீட்டுமனையைத் தேடுவோர் மட்டும் அப்படிச் செய்வதில்லை. கொல்லன் பட்டறையில் ஒவ்வொன்றாக அடித்துச் செய்த ஆணிகள் ஓரிடத்தில் குவிந்து உறுமினால் அங்கே ஒரு வீடு இருந்தது என்று பொருள். துருப்பிடித்த இரும்பு வளையம் சில சமயம் வெள்ளியைப் போலவே உயர்ந்து பாடி ஏமாற்றும். வளையம் என்பது சுழல் மின்னோட்டத்துக்கென்றே செய்துவைத்த பாதை ஆயிற்றே!

ஆழம் ஏன் இத்தனை குறைவு என்பதற்கும் இயற்பியல் விடை சொல்கிறது. சுருளிலிருந்து விலக விலக, காந்தப்புலம் தூரத்தின் முப்படிக்கு எதிர்விகிதத்தில் குறைகிறது. காசிலிருந்து திரும்பி வரும் புலமும் அதே விகிதத்தில் குறைகிறது. இரண்டையும் பெருக்கினால் ஆறாம் படி. அதாவது ஆழம் இரு மடங்கானால் கேட்கும் ஒலி 64-இல் ஒரு பங்காகிவிடும். நல்ல கருவிகளாலும் ஒரு காசை ஓர் அடிக்குள்தான் பிடிக்க முடிகிறது. பல அடி ஆழத்துப் புதையலைக் காட்டும் என்று யாராவது ஒரு சிறு கருவியை விற்க வந்தால், இந்த ஆறாம் படியை நினைத்துக்கொள்வது நல்லது.

குண்டு தேடியவர், கண்ணி தேடியவர்

இந்தக் கருவியின் வரலாறு ஒரு தோல்வியிலிருந்து தொடங்குகிறது. 1881 ஜூலை 2 அன்று அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஜேம்ஸ் கார்ஃபீல்டை வாஷிங்டன் ரயில் நிலையத்தில் ஒருவன் சுட்டான். உடலில் தங்கிவிட்ட குண்டு எங்கே இருக்கிறது என்று மருத்துவர்களுக்குத் தெரியவில்லை. எக்ஸ்-கதிர் கண்டுபிடிக்கப்பட இன்னும் 14 ஆண்டுகள் இருந்தன. தொலைபேசியால் புகழ் பெற்றிருந்த அலெக்சாண்டர் கிரகாம் பெல், இரண்டு சுருள்களைச் சமநிலையில் வைத்த ஒரு கருவியோடு வந்தார். உலோகம் அருகில் வந்தால் சமநிலை குலைந்து தொலைபேசியின் காதுக்குழலில் ஓசை கேட்கும்.

சோதனைகளில் கருவி வேலை செய்தது, நோயாளியிடம் செய்யவில்லை. அவர் படுத்திருந்த மெத்தைக்கு அடியில் எஃகுச் சுருள்வில்கள் இருந்தன. போதாக்குறைக்கு, தலைமை மருத்துவர் உடலின் வலப்பக்கத்தை மட்டுமே சோதிக்க விட்டார். குண்டு இடப்பக்கம் இருந்தது. செப்டம்பர் 19 அன்று கார்ஃபீல்ட் இறந்தார். கருவி சரியாகவே இருந்தாலும், எங்கே தேடுவது என்பதைத் தப்பாக முடிவு செய்தால் எதுவும் கிடைக்காது என்பதற்கு இதைவிடக் கொடிய உதாரணம் இல்லை.

ஐம்பது ஆண்டுகள் கழித்து, ஜெர்மனியிலிருந்து கலிபோர்னியாவுக்குக் குடிபெயர்ந்த கெர்ஹார்ட் ஃபிஷர், விமானங்களுக்கான வானொலித் திசைகாட்டிகளில் வேலை செய்தார். உலோகமும் தாதுக்களும் உள்ள இடங்களில் அந்தத் திசைகாட்டிகள் பிழையாகக் காட்டின. பிழைக்கான காரணத்தையே கருவியாக்கலாமே என்று அவருக்குத் தோன்றியது. 1937-இல் காப்புரிமை கிடைத்தது. இரண்டாம் உலகப் போரில், போலந்தின் யூசெஃப் கொசாட்ஸ்கி கையில் பிடித்துக்கொண்டு நடக்கக்கூடிய கண்ணிவெடி டிடெக்டரை ஸ்காட்லாந்தில் உருவாக்கினார். 1942-இல் எல் அலமெய்ன் போர்க்களத்தில் பிரிட்டிஷ் படைகள் அவற்றில் 500-ஐப் பயன்படுத்தின. போர் முடிந்ததும் உபரி ராணுவக் கருவிகள் மலிவாகச் சந்தைக்கு வந்தன. வார இறுதித் தேடல் என்ற பொழுதுபோக்கு அங்கிருந்துதான் வளர்ந்தது.

புழுவும் காசும் ஒரே கப்பலில்

கீழே விழுந்த காசு தரையில்தானே கிடக்க வேண்டும்? ஒரு சாண் ஆழத்துக்கு அதை இறக்கியது யார்?

பெல் தன் சுருள்களோடு தவித்த அதே 1881-இல் சார்லஸ் டார்வினின் கடைசி நூல் வெளியானது. மண்புழுக்களைப் பற்றியது. கென்ட் மாவட்டத்தில் தன் வீட்டுக்கு அருகிலிருந்த ஒரு வயலில் 1842-இல் டார்வின் உடைந்த சுண்ணக்கட்டிகளைப் பரப்பச் செய்தார். 29 ஆண்டுகள் காத்திருந்தார். 1871-இல் அங்கே குழி வெட்டிப் பார்த்தபோது வெள்ளைக் கட்டிகள் ஒரே வரிசையாக 7 அங்குல ஆழத்தில் இருந்தன. மண்புழு அடிமண்ணைத் தின்று மேலே வந்து எச்சமாகத் தள்ளுகிறது. மேலே கிடப்பவை ஆண்டுக்கு அரை சென்டிமீட்டருக்குச் சற்று மேல் இறங்குகின்றன. எதுவும் புதைக்கப்படவில்லை, மண்தான் மேலே ஏறியது.

நியூ இங்கிலாந்து எனப்படும் வடகிழக்கு அமெரிக்க மாநிலங்களில் இதற்கு ஒரு விசித்திரமான பின்கதை உண்டு. கடைசிப் பனியுகத்தில் அந்தப் பகுதி முழுவதும் பனிப்பாளத்துக்கு அடியில் இருந்தது. உள்ளூர் மண்புழுக்கள் அழிந்துபோயின. பனி விலகிய பிறகும் தெற்கிலிருந்து அவை வடக்கே திரும்பி வந்து சேரவில்லை. பதினேழாம் நூற்றாண்டில் ஐரோப்பியக் கப்பல்கள் வந்தன. சமநிலைக்காகக் கப்பலில் ஏற்றிய மண்ணிலும், செடிகளின் வேரோடு வந்த மண்ணிலும் ஐரோப்பிய மண்புழுக்கள் வந்து இறங்கின. காசைத் தவறவிட்டவர்களும் குடியேறிகள்தான். அதை மண்ணுக்குள் இறக்கிய புழுவைக் கொண்டுவந்தவர்களும் அவர்கள்தான்.

உழுத வயலில் நிலைமை வேறு. கலப்பை மேல்மண்ணை இருபது, இருபத்தைந்து சென்டிமீட்டர் ஆழத்துக்கு ஆண்டுதோறும் புரட்டுவதால் காசு அந்த அடுக்குக்குள்ளேயே மேலும் கீழும் அலைகிறது. போன ஆண்டு அலசி ஒன்றும் கிடைக்காத வயலில் இந்த ஆண்டு உழவுக்குப் பின் காசு கிடைப்பது இதனால்தான். காட்டில் கலப்பையும் இல்லை. ஊசியிலை மரங்களின் அமில மண்ணில் புழுவும் அரிது. அங்கே பல பொருள்கள் இலைச்சருகுக்குச் சற்றுக் கீழேயே கிடக்கின்றன. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மேற்கே செழிப்பான நிலம் கிடைத்ததும் நியூ இங்கிலாந்து விவசாயிகள் பலர் பண்ணைகளைக் கைவிட்டுப் போனார்கள். வயல்கள் மீண்டும் காடாயின. இன்று காட்டுக்குள் நடந்தால் காரணமே இல்லாமல் கல்வேலிகள் ஓடுவதையும், வீடு நின்ற இடத்தில் கல் அடுக்கிய நிலவறைக் குழியையும் பார்க்கலாம். வானிலிருந்து லேசர் வீசி, மரங்களை நீக்கித் தரையை மட்டும் காட்டும் லைடார் படங்களில் இந்தக் கல்வேலிகளையும் குழிகளையும் வரைபடமாக்கலாம் என்று கனெக்டிகட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014-இல் காட்டினார்கள். தேடலாளர்கள் வீட்டைவிட்டுக் கிளம்பும் முன் பார்ப்பது இப்போது அந்தப் படங்களைத்தான்.

மண்ணின் வேதியியலுக்கும் ஒரு பங்கு உண்டு. தங்கம் விழுந்தபடியே வெளியே வரும். வெள்ளி, கந்தகத்தோடு சேர்ந்து கறுக்கும். ஈயத்தின் மேல் வெள்ளையாக ஒரு கார்பனேட் பூச்சு படியும். பழைய குண்டைப் பார்த்தவுடன் தெரிந்துகொள்ள அது ஓர் அடையாளம். செம்பின் மேல் முதலில் சிவந்த ஆக்சைடு, அதன் மேல் பச்சைக் களிம்பு. அமில மண்ணும் உரமும் சேர்ந்தால் செம்பை அரித்துக் குழி குழியாக்கிவிடும். அரித்த செம்புக் காசில் மன்னரின் முகம் இருப்பது பெரும்பாலும் அந்தக் களிம்பு அடுக்கில்தான். அடியில் உள்ள செம்பில் அல்ல. தண்ணீர் விட்டு விரலால் ஒரு தேய் தேய்த்தால், 250 ஆண்டுகள் தாங்கிய முகம் சேறோடு போய்விடும். அனுபவசாலிகள் புதியவர் கையிலிருந்து காசை முதலில் பிடுங்கிக்கொள்வது ஆசையால் அல்ல.

நாணயச்சாலை இல்லாத தேசம்

நியூ இங்கிலாந்தில் கிடைக்கும் காசுகளில் பலவற்றில் ஸ்பானிய மன்னர்களின் பெயர் இருப்பது புதிதாகப் பார்ப்பவர்களுக்கு வியப்பாக இருக்கும். பிரிட்டன் தன் சொந்த வெள்ளிக் காசைக் குடியேற்றங்களுக்குப் பொதுவாக அனுப்பவில்லை. அவை தாமே அடித்துக்கொள்ளவும் பொதுவாக விடவில்லை. பொலிவியாவின் பொட்டோசியிலும் மெக்சிகோவிலும் ஸ்பானியர் வெட்டிய வெள்ளிதான் கரீபியன் வணிகத்தின் வழியே வடக்கே வந்தது. சுமார் 27 கிராம் எடையுள்ள எட்டு ரியால் காசு புழக்கத்தின் முதுகெலும்பு. சில்லறை வேண்டுமென்றால் அதை உளியால் இரண்டாக, நான்காக, எட்டாக வெட்டிக் கொடுத்தார்கள். அப்படி வெட்டிய முக்கோணத் துண்டுகள் இன்றும் வயலில் கிடைக்கின்றன. அமெரிக்கா 1792-இல் சொந்த நாணயச்சாலையைத் தொடங்கிய பிறகும் 1857 வரை ஸ்பானியக் காசு அங்கே சட்டப்படி செல்லுபடியானது.

விதிவிலக்கு மாசசூசெட்ஸ். 1652-இல் பாஸ்டனில் ஜான் ஹல் என்பவரின் பொறுப்பில் அது தன் நாணயச்சாலையைத் தொடங்கியது. ஊரிலேயே காசு தங்க வேண்டும் என்பதற்காக, அங்கே அடித்த ஷில்லிங்கில் லண்டன் ஷில்லிங்கைவிட ஏறக்குறைய 22 சதவீதம் வெள்ளி குறைவாக வைத்தார்கள். காசின் முகப்பில் முதலில் மரச் சின்னம் இல்லை. பிறகு வில்லோ மரம், ஓக் மரம், கடைசியில் பைன் மரம். ஓரத்தைச் சுரண்டி வெள்ளி திருடுவதைத் தடுக்கச் சுற்றிலும் வளையமும் எழுத்தும். முப்பது ஆண்டுகள் ஓடிய இந்த நாணயச்சாலையின் காசுகள் ஏறக்குறைய எல்லாவற்றிலும் 1652 என்றே இருக்கும். ஆகவே பைன் மரக் காசு கிடைத்து, அதில் 1652 என்று இருந்தால், அது 1652-இல் அடித்தது என்று சொல்லிவிட முடியாது. ஒரு காசில் பொறித்த ஆண்டு, அதற்கு முன்னால் அந்தக் காசு இல்லை என்பதற்கு மட்டுமே சாட்சி. எத்தனை ஆண்டு கழித்து அடிக்கப்பட்டது, எத்தனை ஆண்டு கழித்துக் கைதவறி விழுந்தது என்பதற்கு அது சாட்சி ஆகாது.

செம்புக் காசில் இன்னொரு கதை தெரிகிறது. நியூ இங்கிலாந்தில் இரண்டாம் ஜார்ஜ் மன்னரின் அரைப்பென்னிகள் நிறையக் கிடைக்கின்றன. அவற்றில் 1749 என்ற ஆண்டு அடிக்கடி தலைகாட்டும். பிரெஞ்சுக்காரரின் லூயிபர்க் கோட்டையை 1745-இல் பிடித்த படையெடுப்புக்கு மாசசூசெட்ஸ் பெரும்பணம் செலவழித்திருந்தது. அதை ஈடுகட்ட பிரிட்டிஷ் நாடாளுமன்றம் அனுப்பிய பணம் 1749 செப்டம்பரில் பாஸ்டன் துறைமுகத்தில் வந்து இறங்கியது: 217 பெட்டிகளில் ஸ்பானிய வெள்ளி, 100 பீப்பாய்களில் செம்புக் காசு. அந்த ஆண்டுக் காசு எந்த வழியாக அங்கே வந்து சேர்ந்திருக்கும் என்பதற்கு இந்தப் பீப்பாய்களே நல்ல விடை.

எடையைச் சொல்லும் குண்டு

நியூ ஜெர்சியின் மான்மத் என்ற இடத்தில் 1778 ஜூன் 28 அன்று ஜார்ஜ் வாஷிங்டனின் படையும் பிரிட்டிஷ் படையும் மோதின. இருநூறு ஆண்டுகள் கழித்து அந்த வயல்களில் டேனியல் சிவிலிச் என்ற பொறியாளரும் அவரோடு சேர்ந்த தன்னார்வத் தேடலாளர்களும் டிடெக்டரோடு நடந்தார்கள். தோண்டியவுடன் பைக்குள் போட்டுக்கொள்ளும் பழக்கம் அவர்களிடம் இல்லை. ஒவ்வொரு பொருளும் கிடைத்த புள்ளியை வரைபடத்தில் குறித்தார்கள்.

கிடைத்தவற்றில் பெரும்பகுதி ஈயக் குண்டுகள். பல நசுங்கிப் போனவை. நசுங்கிய குண்டின் விட்டத்தை எப்படி அளப்பது? அளக்கவே வேண்டாம், எடை போட்டால் போதும் என்றார் சிவிலிச். உருவம் மாறினாலும் எடை மாறவில்லை. கோளத்தின் கன அளவு விட்டத்தின் முப்படிக்கு ஏற்ப மாறுவதால், கிராமில் எடையின் முப்படி மூலத்தை எடுத்து 0.2232-ஆல் பெருக்கினால் பழைய விட்டம் அங்குலத்தில் கிடைக்கும். நீங்களும் போட்டுப் பாருங்கள். ஒரு குண்டு 29.5 கிராம், முப்படி மூலம் ஏறக்குறைய 3.09, விட்டம் 0.69 அங்குலம். இது பிரிட்டிஷ் சிப்பாயின் பிரவுன் பெஸ் துப்பாக்கிக்கான அளவு. இன்னொன்று 22.5 கிராம், மூலம் 2.82, விட்டம் 0.63 அங்குலம். இது பிரெஞ்சுக்காரர் அமெரிக்கருக்குக் கொடுத்த சார்லவில் துப்பாக்கிக்கானது.

இரு தரப்பும் ஒருவர் துப்பாக்கியை மற்றவர் பயன்படுத்தியதுண்டு என்பதால் ஒரே ஒரு குண்டை வைத்துச் சத்தியம் செய்ய முடியாது. ஆனால் நூற்றுக்கணக்கான குண்டுகளை அளவு வாரியாக வண்ணமிட்டு வரைபடத்தில் வைத்தால் படையணிகளே தெரியத் தொடங்கும். நசுங்காத குண்டு, அவசரத்தில் நிரப்பும்போது கைதவறியது. அங்கே ஒருவன் நின்று சுட்டிருக்கிறான். நசுங்கியது, வந்து விழுந்த இடம். பல் பதிந்த குண்டுகளும் உண்டு. வலி தாங்கக் காயப்பட்டோர் கடித்தது என்ற கதை பிரபலம்; அவற்றில் பலவற்றைப் பின்னாளில் மண்ணைக் கிளறிய பன்றிகள்தான் கடித்திருக்கின்றன என்று பல் தடங்கள் சொல்கின்றன.

குண்டுகள் பைக்குள் போயிருந்தால் இதில் எதுவும் தெரிந்திருக்காது. ஈயத்தின் விலை மட்டும் மிஞ்சியிருக்கும்.

சட்டங்கள் இதை அறிந்து எழுதப்பட்டவை. அமெரிக்க மத்திய அரசின் நிலத்தில் நூறாண்டு கடந்த தொல்பொருளை அனுமதியின்றி எடுப்பது 1979-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். தேசியப் பூங்காக்களுக்குள் டிடெக்டரை வைத்திருப்பதே தவறு. தனியார் நிலத்தில் உரிமையாளரின் சம்மதம் வேண்டும். இங்கிலாந்தில் 1996-ஆம் ஆண்டுச் சட்டம் புதையலை அறிவிக்கச் சொல்கிறது. அங்கே மறு ஆண்டு தொடங்கிய திட்டத்தில் சாதாரணக் காசுகளையும் மக்கள் தாமாகவே பதிவு செய்கிறார்கள். இந்தியாவில் 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டம் இன்னும் நடைமுறையில் இருக்கிறது. மண்ணில் கிடைத்த புதையலின் மதிப்பு பத்து ரூபாயைத் தாண்டினால் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். பத்து ரூபாயைத் தாண்டாத பழங்காசு இன்று ஏது?

சூரத்துக்குப் போக வேண்டிய வெள்ளி

2014-இல் ரோட் ஐலண்ட் மாநிலத்தின் மிடில்டவுன் என்ற ஊரில், ஒரு பழத்தோட்டத்தில் தேடிக்கொண்டிருந்தவருக்கு ஒரு சிறு வெள்ளிக் காசு கிடைத்தது. அதில் இருந்தது அரபு எழுத்து. படித்துப் பார்த்தபோது 1693-இல் யேமனில் அடிக்கப்பட்டது என்று தெரிந்தது. அந்தக் காலத்தில் அமெரிக்கக் குடியேறிகளுக்கு யேமனோடு நேரடி வணிகம் இருந்ததாகப் பதிவு இல்லை. பிறகு எப்படி வந்தது?

1695 செப்டம்பர் 7 அன்று, மெக்காவிலிருந்து திரும்பிய பயணிகளோடு சூரத்தை நோக்கி வந்துகொண்டிருந்த ஔரங்கசீப்பின் கப்பல் கஞ்ச்-இ-சவாயை, ஹென்றி எவரி என்ற ஆங்கிலக் கடற்கொள்ளையன் மடக்கினான். கப்பலில் தங்கமும் வெள்ளியும் ஏராளம். பயணிகள் கொடுமைப்படுத்தப்பட்டார்கள். சூரத்தில் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் சிறைவைக்கப்பட்டார்கள். எவரியின் தலைக்கு விலை வைத்துப் பல நாடுகளில் தேடினார்கள். 1696-க்குப் பிறகு அவன் என்ன ஆனான் என்று யாருக்கும் தெரியாது. அவனோடு இருந்தவர்களில் சிலர் அமெரிக்கக் குடியேற்றங்களுக்குத் தப்பிப் போனார்கள். செங்கடல் வழியில் புழங்கிய யேமன் வெள்ளி அவர்கள் மடியில் வந்திருக்கலாம் என்பதே காசைக் கண்டெடுத்தவரின் வாதம். அதன் பிறகு மாசசூசெட்ஸ், ரோட் ஐலண்ட், கனெக்டிகட் மாநிலங்களில் வெவ்வேறு தேடலாளர்களுக்குப் பதினேழாம் நூற்றாண்டு அரபுக் காசுகள் ஒரு டஜனுக்கும் மேல் கிடைத்திருக்கின்றன.

வாதம் வலுவானது; ஆனாலும் ஒரு கேள்வி இருக்கிறது. ரோட் ஐலண்டின் நியூபோர்ட் நகரத்துக் கொள்ளையன் தாமஸ் டியூ, 1693-இல் செங்கடல் வாயிலில் ஓர் இந்தியக் கப்பலைச் சூறையாடி 1694-இல் ஊர் திரும்பினான். 1693-ஆம் ஆண்டுக் காசு அவனோடும் வந்திருக்கலாம் அல்லவா? பொறித்த ஆண்டு முன்னெல்லையை மட்டுமே சொல்லும் என்று பைன் மரக் காசில் பார்த்தது இங்கேதான் கைகொடுக்கிறது. 1695-இல் அடித்த ஒரு யேமன் காசு அதே பகுதி மண்ணில் கிடைத்தால், அது டியூவின் அந்தப் பயணத்தில் வந்திருக்க முடியாது. எவரியின் காலத்துக் கொள்ளையை நோக்கித் தராசு சாயும்.

அப்படி ஒரு காசு கிடைக்கும்போது கருவி, சிறிய வெள்ளித் துண்டுக்குரிய எண்ணை மட்டும்தான் காட்டும். யேமனின் சந்தையில் அது சாதாரணப் பழங்காசு. மிடில்டவுன் மண்ணில் மட்டுமே அது 1695-ஆம் ஆண்டுக் குற்றத்துக்குச் சாட்சி. அதை எடுப்பவர், சட்டைப்பைக்குள் போடும் முன் எந்த வயலில், எந்த மூலையில், எந்த ஆழத்தில் என்று எழுதி வைக்க வேண்டும். எழுதாவிட்டால் அந்த வழக்கில் சாட்சி இல்லாமல் போகும்.